மனிதாபிமானத்தில் தொண்ணூற்றாறு

மனிதாபிமானத்தில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறேன்.

நம்ப வேண்டாம். நானும் நம்பவில்லை. ஆனால் சர்டிபிகேட் இருக்கிறது. போன வாரம் லேமினேஷன் போட்டு, சித்தூர் ஆபீசில் தண்ணீர் கேனுக்கு மேலே மாட்டினார்கள். என் பெயர். அதன் கீழே நீலத்தில் ஒரு பூமி உருண்டை. அதன் கீழே தொண்ணூற்றாறு.

அந்தத் தேர்வு நடந்த நேரத்தில் நான் லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது.

அப்புறம் எப்படி? சொல்கிறேன்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு... நான் டிரைவர். படிப்பு எட்டாவது. குவைத்தில் ஒன்பது வருஷம் ஒரு வீட்டில் கார் ஓட்டினேன். திரும்பி வந்த பிறகு சித்தூரில் ஒரு நிவாரணச் சங்கத்துக்கு லாரி ஓட்டுகிறேன். சின்னச் சங்கம். மொத்தம் ஒன்பது பேர். வறட்சி வந்தால் தண்ணீர், அரிசி. வெள்ளம் வந்தால் அரிசி, பாய், பக்கெட். பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. யோசனையும் அங்கிருந்துதான் வருகிறது.

போன மாதத் தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது.

களத்துக்குப் போகிற அனைவரும் — டிரைவர் உட்பட — இன்டர்நெட்டில் ஐந்து பாடம் படித்துத் தேற வேண்டும். மனிதாபிமானக் கொள்கைகள் ஒன்று. அவசர காலத்தில் தண்ணீரும் கழிப்பறையும் ஒன்று. பொருள் வழங்குவது எப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு, புகார் கேட்பது எப்படி என்று மூன்று. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவர் களத்துக்குப் போகக் கூடாது.

களத்துக்குப் போகாத டிரைவர் எங்கே போவான்? வீட்டுக்குத்தான்.

எங்கள் கோ-ஆர்டினேட்டர் சுதாகர் சார் மெயிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். தெலுங்குக்காரர். நல்லவர். எங்களோடு பேசும்போது அவர் நாக்கில் பாதி தமிழ் இருக்கும்.

"ஏமய்யா, மூஞ்சி ஏன் இப்படி? அந்தா ஃப்ரீ, எல்லாமே ஃப்ரீ! உலகத்துலயே பெரிய பெரிய ஆளுங்க சொல்லிக்குடுக்கிற பாடம். பைசா லேது."

இலவசம் என்றால் நம் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வரிசை எங்கே நிற்கிறது என்றுதான் கேட்போம்.

முன்பு ட்ரெயினிங் வேறு மாதிரி. திருப்பதியில் ஒரு லாட்ஜ் ஹாலில் நடக்கும். நோட்டு, பேனா, தோள்பை கொடுப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு பொரியல், ஒரு ஸ்வீட். சாயங்காலம் மலைக்குப் போய் வரலாம். பாடம் மனசில் நிற்காது. ஸ்வீட் நிற்கும். இப்போது பாடம் மட்டும் வருகிறது. இலவசம் என்பது இதுதான் — எதை எடுத்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாடம் நான்கு மொழியில் இருந்தது. இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி. தெலுங்கு இல்லை. தமிழ் இல்லை.

ஆகவே எல்லோரும் பாஸ்கரிடம் போனோம்.

பாஸ்கர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறான். ஆதார் திருத்தம், லைசென்ஸ் தேர்வு, ரேஷன் கார்டு, காலேஜ் அட்மிஷன் — சித்தூரில் யார் எந்தத் தேர்வு எழுதினாலும் அதில் பாதி பாஸ்கர் எழுதியது. பாடம் இலவசம். பாஸ்கர் இலவசம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் முறை இது. முதல் ஆளுக்கு எழுதும்போது தடவித் தடவி அழுத்துவான். எது தப்பு, எது சரி என்று கம்ப்யூட்டர் காட்டும். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வான். இரண்டாம் ஆளுக்குக் கொஞ்சம் கூடும். மூன்றாம் ஆளுக்கு இன்னும் கூடும்.

சுதாகர் சார் மேலதிகாரி. அவர்தான் முதலில் போனார். எண்பது வந்தது. நான் ஆறாவது ஆள். தொண்ணூற்றாறு. எட்டாவதாகப் போனவர் எங்கள் கிடங்கு வாட்ச்மேன். நூற்றுக்கு நூறு. மனிதாபிமானத்தில் எங்கள் சங்கத்திலேயே அவர்தான் முதல். கிடங்குக்குப் பூனை வந்தால் கட்டை எடுத்து வீசுகிறவர்.

ஒன்பதாவது ஆள் தேசம்மா.

தேசம்மா பன்னிரண்டு வருஷமாகக் களப்பணி செய்கிறாள். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது. லாரி ஊருக்குள் நுழைந்ததும் நான் வண்டியை நிறுத்துவேன். அவள் இறங்குவாள். அதற்குப் பிறகு அங்கே கூச்சல் இருக்காது. வரிசை தானாக நிற்கும். எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்டியரிங்கில்தான் இருப்பேன்.

இந்த வேலைக்கு முன்பு அவள் மாங்கூழ் ஃபாக்டரியில் இருந்தாள். சீசன் முழுக்க ஈரத் தரையில் நின்று பழம் அறுக்க வேண்டும். மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சர்டிபிகேட் இல்லையென்றால் திரும்ப அங்கேதான். வேறு இடம் அவளுக்கு இல்லை. புருஷன் இல்லை. மகள் திருப்பதியில் நர்சிங் இரண்டாம் வருஷம்.

அவளை நெட் சென்டருக்குக் கூட்டிப்போனது நான்தான். பாஸ்கர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

"வா அக்கா, உக்காரு. பேர் சொல்லு. அஞ்சு நிமிஷம். நீ டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அஞ்சு பாடத்திலும் நூறு."

பெயரை அடித்தான். முதல் பாடத்தின் தேர்வைத் திறந்தான். மேலே இங்கிலீஷில் இரண்டு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். பாஸ்கர் அதில் டிக் போட மௌசைக் கொண்டுபோனான்.

"இரு. இன்னா அது?"

"ஒண்ணுமில்லக்கா. இந்தத் தேர்வ நானே எழுதறேன், வேற யாரும் எழுதித் தரலன்னு ஒரு பிரமாணம். எல்லாரும் போடறதுதான்."

தேசம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தேசம்மாவின் ஊர் காணிப்பாக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும் போலீசுக்குப் போவது பிறகுதான். முதலில் கோயில். குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். பாதி வழக்கு குளக்கரையிலேயே தீர்ந்துவிடும். முங்கப் போகிறவன் படியிலேயே உண்மையைக் கக்கிவிடுவான்.

அவள் சித்தப்பா ஒருவர் கக்கவில்லையாம். ஆட்டை விற்றுவிட்டு, விற்கவில்லை என்று முங்கி எழுந்தார். கண் போகவில்லை. கால் போகவில்லை. ஊர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. கல்யாணத்துக்குப் பத்திரிகை இல்லை. சாவுக்குச் சொல்லியனுப்பவில்லை. கடைசியில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. சாமி இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிடும்?

"அக்கா, இது கம்ப்யூட்டர்க்கா," என்றான் பாஸ்கர். "பிள்ளையார் இல்ல."

"பிள்ளையார் இல்லன்னா? சொல்றது பிரமாணந்தானே? நீ எழுதுவ, நான் எழுதினேன்னு நானே சொல்லணும். அத்தானே?"

"அண்ணனுக்குக் கூடப் போட்டேனே..."

என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் லாரி டயரைப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பிப் போகும்போது சொன்னாள்:

"நானே படிச்சி நானே எழுதறேண்ணா."

"எந்த பாஷையில?"

அவள் என் போனைக் கேட்டு வாங்கினாள்.

போனில் மொழி மாற்றிப் பார்த்தோம். தெலுங்கு தேசம்மாவுக்கே விளங்கவில்லை; பிறகு தமிழ். எழுத்து மாறியது. படத்தில் பேசுகிற குரல் மாறவில்லை. மாறிய எழுத்தைத் தேசம்மாவுக்கு நான் படித்துக் காட்டினேன். 'பயனாளிகளின் கண்ணியத்தை உள்ளடக்கும் அணுகுமுறையின் வாயிலாகத் தேவை மதிப்பீட்டினை முன்னெடுக்கவும்.' இரண்டு முறை படித்தேன். தமிழ்தான். எனக்கு அரபி இதைவிட நன்றாகப் புரியும்.

அப்போதுதான் தோன்றியது. அரபி!

நான்கு மொழியில் ஒன்று அரபி. எனக்கு அதை எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷம் அதில்தான் திட்டு வாங்கினேன். பாடத்தில் பேசுகிறவர் நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி சுத்தமாகப் பேசினார். எங்கள் குவைத் முதலாளியம்மா அப்படிப் பேசமாட்டார். இருந்தாலும் முக்கால்வாசி பிடிபட்டது. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படம் இருந்தது. அழுத்தினால் கேள்வியையும் பதில்களையும் வாசித்தது.

இப்படித்தான் பள்ளிக்கூடம் தொடங்கியது. இடம் லாரி கேபின். சித்தூரிலிருந்து பலமனேர் போகிற வழியில் மொகிலி மலை ஏறி முடித்ததும் ஒரு புளியமரம் உண்டு. அங்கே வண்டியை ஓரம் கட்டுவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனை டேஷ்போர்டில் சாய்த்து வைப்போம். யாரோ ஒருவர் அரபியில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். தேசம்மா சோறு தின்றுகொண்டே சண்டை போடுவாள்.

"இன்னாண்ணா லைன் இது? புள்ளத்தாச்சிய வெயில்ல நிக்க வெச்சிகினு போட்டோ புடிக்கிறான்!"

"பாடத்துக்காக எடுத்திருக்காங்க."

"பாடத்துக்குன்னா வெயில் சுடாதா?"

இன்னொரு படத்தில் வரிசையாகக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். நல்ல கழிப்பறை. தகரக் கதவு. தேசம்மா உற்றுப் பார்த்தாள்.

"கதவு ரோட்டப் பார்த்து இருக்குது. எந்தப் பொம்பள போவா இதுல? கட்டினவன கூப்புடு, நான் பேசணும்."

"அவன் ஆப்பிரிக்காவுல இருக்கான்."

"இருக்கட்டும். போன் கெடையாதா அங்க?"

அடுத்த படத்தில் அந்த நாட்டுப் பெண் ஒருத்தி அதையே சொன்னாள். கதவைத் திருப்பிக் கட்டினார்கள். பாடமே அதுதானாம். தேசம்மா அன்றைக்குத்தான் முதல்முறை அந்தப் போனை மரியாதையோடு பார்த்தாள்.

தேர்வு வேறு கதை.

ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் வரும். ஒவ்வொரு முறையும் தேசம்மா கேபினிலிருந்து இறங்குவாள். செருப்பைக் கழற்றுவாள். தண்ணீர் கேனைச் சாய்த்து முகம், கை, கால் கழுவுவாள். குளம் இல்லை. கேன்தான். ஈரக் கையோடு ஏறி வந்து டிக் போடுவாள். ஈர விரலுக்குப் போன் கேட்காது. துடைத்துவிட்டுப் போடு என்று சொன்னேன். துடைக்கக் கூடாது என்றாள். நாலைந்து முறை குத்திய பிறகுதான் விழும்.

அப்புறம் எனக்கு உத்தரவு வரும்.

"கேள்விய சொல்லு. பதில் நாலையும் சொல்லு. சொல்லிட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

"ஏன்?"

"உன் மூஞ்சில பதில் தெரியுதுண்ணா."

என் முகத்தில் பதிலா? எனக்குத் தெரிந்தால்தானே! ஆனாலும் திருப்பிக்கொண்டேன். தேர்வு முடியும்வரை நான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் முறை ஐம்பத்தாறு. எண்பது எடுத்தால்தான் தேர்ச்சி. ஒரு நாள் கழித்து மறுபடி எழுதலாம். இரண்டாம் முறை எழுபத்திரண்டு.

"எங்கண்ணா தப்பு? நான் செய்யறதத்தானே சொன்னேன்?"

அதுதான் தப்பு. ஒரு கேள்வி: ஊர்த்தலைவர் உங்களிடம் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தருகிறார். என்ன செய்வீர்கள்? தேசம்மாவின் பதில், வாங்க மாட்டேன். கம்ப்யூட்டரின் பதில், வாங்கிக்கொண்டு ஊராரிடம் சரிபார்க்க வேண்டும்.

"வாங்கினா அவ்ளோதான். லிஸ்ட் நம்மகிட்ட இருக்குதுன்னு ஊர் பூரா சொல்லிகினு திரிவான். லிஸ்ட்ல இல்லாதவங்க வீட்ட விட்டே வரமாட்டாங்க. இதெல்லாம் அந்த அரபிக்காரருக்கு யாரு சொல்றது?"

நான் அவருக்குப் போன் செய்ய முடியாது. அவள் மூன்றாம் முறை கம்ப்யூட்டருக்குப் பிடித்த பதிலைச் சொன்னாள். எண்பத்து நான்கு.

"பொய் சொல்ற மாதிரி இருக்குதுண்ணா."

"டிக் போட்டது நானே எழுதறேன்னுதானே? நீ நம்பறேன்னு இல்லையே."

சரி என்றாள். பிள்ளையார் எதைக் கேட்டாரோ அதற்கு மட்டும் பதில்.

இப்படி நான்கு பாடம் முடிந்தது. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. மிச்சம் ஒன்று — புகார் கேட்பது எப்படி.

அதில் பேசியது ஒரு பெண். மெதுவாகப் பேசினார். நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். உதவி வாங்குகிறவருக்கு அந்த உதவியைப் பற்றிப் புகார் சொல்ல உரிமை உண்டு. கொடுத்தது கெட்டுப்போயிருந்தால் திருப்பித் தர உரிமை உண்டு. புகார் சொன்னவரை யாரும் கடிந்து பேசக் கூடாது.

தேசம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அத்த திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"சும்மா குடுக்கிற பொருளுக்குமா?"

"சும்மா குடுக்கிற பொருளுக்குத்தான்."

அவள் வெளியே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"பலமனேர் பக்கத்துல அந்த வறட்சி வருசம்... ஒருத்தி மூட்டையத் தூக்கிகினு வந்து லாரி முன்னால போட்டாளே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. நாங்கள் கொடுத்த அரிசியில் வண்டு. மூட்டை முழுக்க ஓடியது. கங்கா என்று பெயர். கைக்குழந்தைக்காரி. அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளிருந்து நடந்து வந்து, லாரிக்கு முன்னால் போட்டாள். தேசம்மா அவளை என்ன பேசினாள் என்பதும் ஞாபகம் இருந்தது. சும்மா வர்றதுல நொட்டை சொல்றியா, பொடைச்சித் துன்ன கை இல்லையா... இன்னும் சில வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது.

"நான் வைஞ்சேண்ணா அவள. ஊரே பார்த்திகினு இருந்துச்சி."

"தெரியாமத்தானே..."

"அவளுக்கு உரிமை இருந்துச்சாமே! பன்னண்டு வருசமா யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே."

தேர்வு எழுதச் சொன்னேன். எழுதமாட்டேன் என்றாள். கங்காவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றாள். ஐந்து நாள்தான் இருக்கிறது, மாங்கூழ் ஃபாக்டரி திறக்கப்போகிறது, விளையாடாதே என்றேன்.

"யார வைஞ்சேனோ அவகிட்ட ஒண்ணும் கேக்காம, புகார் கேக்கறதுல பாஸுன்னு நான் எப்படிண்ணா கட்டத்துல டிக் போடறது?"

எனக்கு மலை ஏறும்போது கியர் மாற்றத் தெரியும். கியர் மாற்றி, வண்டியைப் பலமனேர் பக்கம் விட்டேன்.

கங்காவைத் தேடினோம். அவள் ஊரில் வீடு பூட்டியிருந்தது. பெங்களூர் போய்விட்டாள் என்றது ஒரு வீடு. இல்லை, மார்க்கெட்டில் தக்காளி பிரிக்கிறாள் என்றது அடுத்த வீடு. இரண்டாவது வீடு சரி. பலமனேர் மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம். கை நிற்கவே இல்லை.

தேசம்மா எதிரில் குந்தினாள்.

"என்னத் தெரியுதா?"

கங்கா ஏறிட்டுப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். லாரியையும் பார்த்தாள்.

"தெரியாம? வண்டு அரிசிக்காரி."

தேசம்மா அழுகல் தக்காளி ஒன்றை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கி நான் உன்ன வைஞ்சது தப்பு. நீ சொன்னது சரி. அரிசி கெட்டதுதான். திருப்பித் தர்றதுக்கு உனக்கு உரிமை இருக்குது. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"போன்ல. அரபில."

கங்கா சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். தக்காளிக் கூடை ஒன்றைத் தள்ளித் தேசம்மாவுக்கு இடம் விட்டாள்.

"அது போயி எத்தினி வருசம் ஆச்சிக்கா! அந்தக் கொழந்தையே இப்ப பள்ளிக்கூடம் போவுது. நீ வைஞ்சத நான் மறந்தேபூட்டேன். வாய் இருக்கிறவங்க வைவாங்க. நான் வைய மாட்டேனா?"

தேசம்மா மூச்சு விட்டாள். நானும் விட்டேன். கிளம்பலாம் என்று சாவியை எடுத்தேன்.

"ஆனா ஒண்ணு மறக்கல," என்றாள் கங்கா. விரல் என்னைக் காட்டியது. "இந்த ஆளு. நான் தலைல மூட்டை, இடுப்புல கொழந்தை, நின்னு பேசிகினு இருக்கறேன்... இவரு மேல உக்காந்துகினு ஹாரன் அடிக்கிறாரு. நாயத் தொரத்தற மாதிரி. விட்டு விட்டு அடிக்கிறாரு. அதுக்கு உரிமை கெடையாதா உன் போன்ல?"

மார்க்கெட் முழுக்கச் சத்தம். நான் சாவியைத் திரும்பப் பையில் போட்டேன்.

ஹாரன் அடித்தேனா? அடித்திருப்பேன். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும். நான் எப்போதும் அடிப்பேன். வண்டியில் ஹாரன் எதற்கு இருக்கிறது?

தேசம்மா பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள். ஆபீஸ் புகார் ஃபாரம். வருஷக் கணக்காக அலமாரியில் கட்டாக இருந்தது. ஒன்றுகூட நிரப்பியதில்லை. 'புகார்கள்: இல்லை' என்று சுதாகர் சார் வருஷா வருஷம் பெருமையாக ரிப்போர்ட் அனுப்புவார்.

"சொல்லு கங்கா," என்றாள். "எழுதிக்கிறேன்."

தெலுங்கில் எழுதினாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி. நான் பக்கத்திலேயே நின்றேன். கங்கா பெருவிரலில் தக்காளிச் சாறு. அதைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே தேசம்மா தேர்வு எழுதினாள். முகம், கை, கால் கழுவினாள். நான் புளியமரத்தைப் பார்த்தேன். ஒரே முறைதான். தொண்ணூற்று இரண்டு.

வேலை தப்பியது. அதில் ஒரு சின்னத் தமாஷ். அவள் சர்டிபிகேட் ஐந்தும் அரபியில் வந்தன. ஆபீசில் யாருக்கும் படிக்கத் தெரியாது. சுதாகர் சார் ஐந்தையும் தலைகீழாக மாட்டிவிட்டார். பூமி உருண்டையை வைத்துத்தான் வாட்ச்மேன் கண்டுபிடித்தார்.

வெளிநாட்டிலிருந்து உடனே மெயில் வந்தது. உங்களிடம் அரபி தெரிந்த களப்பணியாளர் இருப்பது மகிழ்ச்சி, அகதி முகாம் ஒன்றுக்கு அவரை அனுப்ப இயலுமா? சுதாகர் சார் ஓடி வந்து கேட்டார். தேசம்மா யோசிக்கவே இல்லை.

"எனக்கு வராது சார். அண்ணனுக்குத்தான் அரபி. எனக்கு மார்க்குதான்."

எனக்கு மார்க்கும் இருக்கிறது, அரபியும் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை. காரணம், சர்டிபிகேட்டுகளை அனுப்பிய மெயிலோடு இன்னொரு மெயிலும் போயிருந்தது. சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் புகார். டிரைவர் மீது.

வெளிநாட்டில் ரொம்ப சந்தோஷம். புகார் வந்தால் சந்தோஷப்படுகிறவர்களை நான் அப்போதுதான் பார்த்தேன். உங்கள் புகார் முறை வேலை செய்கிறது, வாழ்த்துகள், எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டிருந்தார்கள்.

சுதாகர் சார் என்னைக் கூப்பிட்டு ஃபாரத்தைக் காட்டினார். நடவடிக்கை என்ற இடத்தில் தேசம்மாவே எழுதியிருந்தாள். டிரைவர் முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்து, தானே தேர்வு எழுதுவார். கீழே அவள் கையெழுத்து.

"பாஸ்கர் தக்கர எல்லு, அஞ்சு நிமிஷம்," என்றார் சார் மெதுவாக. பாஸ்கரிடம் போ என்கிறார். அவர் இந்தப் பத்தியைப் படிக்கமாட்டார். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

வெளியே வந்தேன். தேசம்மா லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்கர்கிட்ட போவியாண்ணா?"

நான் ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

"போனீன்னா போ. தானே எழுதுவாருன்னு கையெழுத்துப் போட்டது நானு. பொய்யாப் போனா அது என் பிரமாணம். என் சித்தப்பாவுக்கு பெங்களூர் இருந்துச்சி. நான் எங்க போவேன்?"

முந்தாநாள் மத்தியானம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். கேனைச் சாய்த்து முகம், கை, கால் கழுவினேன். ஈர விரலால் டிக் போட்டேன். ஏழு முறை குத்த வேண்டியிருந்தது. தேசம்மா வேர்க்கடலை தின்றுகொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கேள்வியெல்லாம் எனக்குப் புரிந்தது. பதில்தான் தெரியவில்லை.

சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். மனிதாபிமானத்தில் இப்போது எனக்கு நாற்பத்து நாலு. சொந்த மார்க்.